கன்னியர் மடங்களும் அவற்றின் பொது மன்றமும்

கத்தோலிக்கத் திருச்சபையைத் தூரத்தில் நின்று நோக்குவோருக்கு அது ஒரே ஓர் ஏணியைப் போலத் தோன்றும். உச்சியிலே பாப்பரசர்; அவருக்குக் கீழே மேற்றிராணிமார்; அவர்களுக்குக் கீழே பங்குக் குருமார்; அடியிலே விசுவாசிகள். மேலிருந்து கட்டளை இறங்குகின்றது. கீழிருந்து கீழ்ப்படிதல் ஏறுகின்றது. இத்தோற்றம் முற்றிலும் பிழையன்று. ஆயினும் முழுவதும் சரியுமன்று. அந்த ஏணியின் பக்கத்திலே, அதனோடு தொடர்பு கொண்டனவாயினும் அதன் படிகளுள் அடங்காதனவாய், நூற்றுக்கணக்கான துறவற சபைகள் இருக்கின்றன. ஆண் துறவியர் சபைகளும் உண்டு. கன்னியர் சபைகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு தாபகர், ஓர் ஒழுங்குநூல், ஒரு பண்பு, ஒரு பணி, தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு பொக்கிஷம். தலைவரையும் அச்சபையாரே தம்முள் கூடித் தெரிந்துகொள்வர்.

இப்படித் தனித்தனியே வாழும் குடும்பங்கள் ஒரு நாட்டில் முந்நூறு நானூறு இருக்குமாயின், அவை யாவற்றுக்கும் பொதுவான காரியங்களை யார் பேசுவது? அரசாங்கத்தோடோ மேற்றிராணிமாரோடோ றோமாபுரியோடோ பேசவேண்டிய வேளையில் யார் முன்வருவது? இக்கேள்விக்கு விடையாக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தோன்றியவைதாம் துறவற சபைத் தலைவர்களின் தேசிய மன்றங்கள். இன்று பல நாடுகளில் இத்தகைய மன்றங்கள் உண்டு. அவற்றுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாயும், மிகுதியாகப் பேசப்பட்டதாயும் உள்ளது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கன்னியர் தலைமை மன்றம். அதன் வரலாற்றை எடுத்து நோக்கினால் இவ்வகை மன்றம் என்ன செய்யக்கூடும், என்ன செய்யமுடியாது என்பது தெளிவாகும்.

முதலிலே ஒரு சொல்லை விளக்கிக்கொள்வோம். துறவற சபையிலே சேர்வோர் தரித்திரம், கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுக்கின்றனர். கீழ்ப்படிதல் என்றால் யாருக்குக் கீழ்ப்படிவது? அன்றாட வாழ்விலே தாம் வாழும் மடத்தின் தலைவிக்கு. அவருக்கு மேலே, பல மடங்களைக் கொண்ட ஒரு மாகாணத்தின் தலைவிக்கு. அவருக்கும் மேலே சபை முழுவதற்குமான தலைவிக்கு. ஒரு தனி மடத்தை மாத்திரம் நடத்துபவர் சாதாரணத் தலைவி. ஒரு மாகாணத்தையோ, சபை முழுவதையுமோ, பிற மடத்தைச் சாராது தன்னாட்சியோடு நிற்கும் ஒரு மடத்தையோ ஆள்பவரைத் திருச்சபைச் சட்டம் பெருந்தலைவர் என்னும் கருத்துள்ள பெயரால் அழைக்கின்றது. தேசிய மன்றத்தில் அங்கம் வகிப்போர் இந்தப் பெருந்தலைவியரே. சாதாரணக் கன்னியர் அதில் நேரடி அங்கத்தினர் அல்லர். தம் தலைவி வாயிலாகவே அவர்கள் அங்கே பிரதிநிதித்துவம் பெறுகின்றனர். பின்னே வரும் பிணக்குகளை விளங்கிக்கொள்வதற்கு இது நினைவிலிருத்தல் வேண்டும்.

அமெரிக்காவிலே கன்னியரின் கதை நெடியது. 1727ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து வந்த ஊர்சுலைன் சபைக் கன்னியர் நியூ ஓர்லியன்ஸ் நகரில் இறங்கிப் பெண்களுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினர். அப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்னும் தேசமே பிறக்கவில்லை. 1809ஆம் ஆண்டு எலிசபெத் சீற்றன் என்னும் விதவைத் தாய் மேரிலாந்து மாகாணத்தின் எம்மிட்ஸ்பேர்க் என்னும் ஊரில் ஒரு புதிய சபையை நிறுவினார். பின்னர் அயர்லாந்து, ஜெர்மனி, போலந்து, இத்தாலி முதலிய தேசங்களிலிருந்து ஏழைக் குடியேறிகள் கப்பல் கப்பலாக வந்து குவிந்தபொழுது, அவர்களோடு அவர்களுடைய கன்னியரும் வந்தனர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் 600க்கு மேற்பட்ட கன்னியர் இரு தரப்புப் போர்வீரருக்கும் தாதியராகப் பணிபுரிந்தனர்.

1884ஆம் ஆண்டு போல்ற்றிமோர் நகரிலே கூடிய மேற்றிராணிமார், ஒவ்வொரு கோயிற்பங்கிலும் ஒரு பாடசாலை இருத்தல் வேண்டும் என விதித்தனர். விதிப்பது எளிது, ஆசிரியரைத் தேடுவது அரிது. சம்பளம் கொடுக்கப் பணமில்லை. அந்தப் பாரத்தைச் சுமந்தவர்கள் கன்னியர். மிகக் குறைந்த வேதனத்தோடு, பல இடங்களில் உண்டியும் உறையுளும் மாத்திரமே கிடைக்கத்தக்கதாய், ஒரு வகுப்பிலே 50, 60 பிள்ளைகளை வைத்துக்கொண்டு கற்பித்தனர். அமெரிக்கக் கத்தோலிக்கரின் கல்வி அமைப்பு உழைப்பின் உண்மை விலையைக் கொடாமலே எழுந்த அமைப்பு எனலாம். அவ்விலை பின்னொரு காலத்தில் எவ்வாறு கேட்கப்பட்டது என்பதை இனிக் காண்போம்.

இவ்வளவு பணி செய்த சபைகள் ஒன்றையொன்று அறியாதிருந்தன என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அது உண்மை. ஒரே நகரிலே இரண்டு தெருக்களுக்கு அப்பாலுள்ள இரு மடத்தினர் ஒருவரோடொருவர் கலந்து பேசும் வழக்கம் அருமையாயிருந்தது. ஒவ்வொரு சபையும் தன் இளங்கன்னியரைத் தானே பயிற்றியது. தன் கடனைத் தானே அடைத்தது. தன் துன்பத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது. வெளியுலகத் தொடர்பைக் குறைத்தலே துறவுக்கு அழகு எனக் கருதிய காலம் அது.

இத்தனிமையை உடைத்தது எது? பெருந்தத்துவம் எதுவுமன்று, வகுப்பறையிலே எழுந்த ஒரு நெருக்கடியே. பாடசாலைகள் பெருகப் பெருக ஆசிரியர் தேவையும் பெருகிற்று. இளங்கன்னியர் பயிற்சி முடியுமுன்னரே வகுப்புக்கு அனுப்பப்பட்டனர். பட்டப்படிப்பைக் கோடை விடுமுறைகளிலே சிறிது சிறிதாகப் படித்து முடிக்க வேண்டியிருந்தது. சிலருக்கு அது இருபது ஆண்டுகள் வரையும் நீண்டது. 1949ஆம் ஆண்டு, இந்தியானா மாகாணத்தின் புனித மரியாள் கல்லூரித் தலைவியாயிருந்த சகோதரி மடலேவா, கத்தோலிக்கக் கல்விச் சங்கத்தின் மாநாட்டில் இதுபற்றிப் பேசினார். லூசி என்னும் பெயரையுடைய ஓர் இளங்கன்னியைக் கற்பனை செய்து, அவள் வகுப்பறையில் கால் வைக்குமுன் மற்ற ஆசிரியரைப் போன்று பட்டமும் பயிற்சியும் பெறவேண்டாமா என்று கேட்டார். கேட்டிருந்த பலர் தத்தம் மடத்திலேயுள்ள லூசிகளை நினைத்துக்கொண்டனர். 1951ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரும், கற்பிக்கும் கன்னியரின் பயிற்சி மற்றோர் பயிற்சிக்குக் குறைந்ததாயிருத்தல் ஆகாது என வற்புறுத்தினார்.

இதே பாப்பரசர்தாம் 1950ஆம் ஆண்டு உலகத் துறவற சபைகளின் மாநாடு ஒன்றை றோமாபுரியிலே கூட்டுவித்தவர். தனித்து நில்லாது கூடிப் பேசுங்கள் என்னும் தூண்டுதல் அங்கிருந்து நாடுகள்தோறும் பரவிற்று. 1952ஆம் ஆண்டு அமெரிக்கத் துறவியரின் முதலாவது தேசிய மாநாடு நொற்றர் டேம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1954ஆம் ஆண்டு கன்னியரின் கல்வியையும் உருவாக்கத்தையும் நோக்கமாகக் கொண்ட ஓர் அமைப்பு எழுந்தது. 1956ஆம் ஆண்டு சிக்காகோ நகரிலே கூடிய பெருந்தலைவியர் தமக்கென ஒரு நிலையான மன்றத்தை ஏற்படுத்த ஒருமனதாகத் தீர்மானித்தனர். ஆண் துறவியரின் பெருந்தலைவர்களும் அதே ஆண்டிலே தமக்கொரு மன்றத்தை நிறுவிக்கொண்டனர். கன்னியர் மன்றத்தின் யாப்பு விதிகளை றோமாபுரி 1962ஆம் ஆண்டு அங்கீகரித்தது.

இம்மன்றத்தின் அதிகாரம் எத்தகையது? கட்டளையிடும் அதிகாரம் எதுவும் அதற்கு இல்லை. ஒரு சபையை நோக்கி, இன்ன மடத்தை மூடு, இன்ன பாடசாலையைத் திற, இன்ன உடையை அணி என்று மன்றம் சொல்ல முடியாது. 1983ஆம் ஆண்டு வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 708ஆம், 709ஆம் பிரிவுகள் இதனைத் தெளிவாக்குகின்றன. பெருந்தலைவர்கள் மன்றங்களாகக் கூடுவது பயனுள்ளது. தத்தம் சபைகளின் நோக்கத்தை நிறைவேற்றவும், பொதுக் காரியங்களை ஆராயவும், மேற்றிராணிமாரோடு ஒத்துழைக்கவும் அவை உதவும். ஆனால் ஒவ்வொரு சபையின் தன்னாட்சிக்கும் பண்புக்கும் பங்கம் வருதல் ஆகாது என்பது முதற்பிரிவின் சாரம். மன்றத்தின் யாப்பு விதிகளைத் திருப்பீடமே அங்கீகரிக்க வேண்டும். சட்டப்படி அதனை நிறுவுவதும் திருப்பீடமே. அதன் உயர் வழிகாட்டுதலின் கீழேயே மன்றம் இயங்கும் என்பது அடுத்த பிரிவின் சாரம்.

இவ்விரு பிரிவுகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். கீழ்நோக்கிப் பார்த்தால் மன்றத்திற்கு அதிகாரம் இல்லை. மேல்நோக்கிப் பார்த்தால் அதற்குப் பூரண சுதந்திரம் இல்லை. தன் அங்கத்தினர்மீது ஆணை செலுத்த இயலாத மன்றம், தன் அங்கத்தினரல்லாத ஓர் அதிகாரத்தினால் உயிர் பெற்றிருக்கின்றது. இதன் வலிமையும் இதன் துன்பமும் இந்த ஓர் அமைப்பிலேயே அடங்கியிருக்கின்றன.

ஆண்டுதோறும் ஒரு பேரவை கூடும். சொற்பொழிவுகள், கலந்துரையாடல்கள், மௌனத் தியானம், வாக்கெடுப்பு ஆகியன அங்கு நிகழும். தலைமைப் பதவி ஒருவர் கையில் நெடுங்காலம் தங்குவதில்லை. அடுத்த தலைவி, நடப்புத் தலைவி, முன்னாள் தலைவி என மூவர் ஒன்றாக இயங்குவர். ஆண்டுக்கொருமுறை ஒருவர் விலக, ஒருவர் சேர்வார். நிர்வாக அலுவலகம் மேரிலாந்து மாகாணத்தின் சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரில் இருக்கின்றது. புதிதாகத் தலைமையேற்கும் கன்னியருக்குச் சட்டம், நிதி, நிலச் சொத்து, முதியோர் பராமரிப்பு முதலிய விடயங்களிலே பயிற்சி அளிப்பது மன்றத்தின் அமைதியான பணிகளுள் முக்கியமானது. நேற்றுவரை வகுப்பறையிலே சரித்திரம் கற்பித்த ஒருவர், தெரிந்தெடுக்கப்பட்ட மறுநாளே ஒரு வைத்தியசாலையின் ஆட்சிக் குழுவிலும் வங்கிக் கணக்கின் முன்னும் அமரவேண்டியிருக்கும். அத்தகையவருக்கு, அதே இடர்ப்பாட்டைக் கண்ட வேறொரு சபைத் தலைவியின் துணை எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மன்றம் தொடங்கி ஒரு தசாப்தம் முடியுமுன் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடிற்று. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற அச்சங்கத்திற்கு, 1964ஆம் ஆண்டு முதற்றடவையாகப் பெண்கள் சிலர் பார்வையாளராக அழைக்கப்பட்டனர். அமெரிக்கக் கன்னியர் மன்றத்தின் தலைவியாயிருந்த சகோதரி மேரி லூக் தோபின் அவர்களுள் ஒருவர். 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி துறவற வாழ்வின் புதுப்பித்தல் பற்றிய ஏடு வெளிவந்தது. ஒவ்வொரு சபையும் தன் தாபகரின் முதல் நோக்கத்துக்குத் திரும்புக; அதே வேளையில் இக்காலத்தின் தேவைகளையும் நோக்குக என்பது அதன் கட்டளை. சபைகள் தத்தம் ஒழுங்குநூலைத் திருத்தியமைக்கப் பணிக்கப்பட்டன.

அமெரிக்கக் கன்னியர் இக்கட்டளையை மிகுந்த ஊக்கத்தோடு எடுத்துக்கொண்டனர். 1967ஆம் ஆண்டு மன்றம் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. சமூகவியல் அறிஞராகிய சகோதரி மேரி ஒகஸ்ற்றா நீலின் வழிகாட்டலில் 600க்கு மேற்பட்ட வினாக்கள் கொண்ட படிவம் அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 1,39,000 கன்னியர் விடையளித்தனர். தலைவி சொல்லத் தாம் கேட்பதே முறை என்று பழகியிருந்தவர்களிடம், உன் கருத்து யாது என முதன்முறையாகக் கேட்கப்பட்டது. அப்படிக் கேட்டபின் பழைய நிலைக்குத் திரும்புதல் எளிதன்று. உடை மாறிற்று, மடத்து நேர அட்டவணை மாறிற்று, சிலர் பாடசாலையை விட்டுச் சேரிகளுக்கும் சிறைச்சாலைகளுக்கும் சென்றனர்.

மாற்றம் எங்கும் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் மரியாளின் மாசற்ற இருதயக் கன்னியருக்கும் அந்நகர்க் கர்தினால் மக்கின்ரயருக்கும் இடையே எழுந்த பிணக்கு, 1970ஆம் ஆண்டு அச்சபையாருட் பெரும்பாலோர் வார்த்தைப்பாட்டினின்றும் விடுபட்டு வெளியேறுவதில் முடிந்தது. வேறு சபைகளிலும் பலர் விலகினர். 1965ஆம் ஆண்டளவில் அந்நாட்டிலே ஏறத்தாழ 1,80,000 கன்னியர் இருந்தனர். அதுவே உச்சம். அதன்பின் தொகை இறங்கத் தொடங்கிற்று.

1971ஆம் ஆண்டு மன்றம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெருந்தலைவியர் மன்றம் என்னும் கருத்துள்ள பழைய பெயர் நீங்கி, கன்னியர் தலைமை மன்றம் என்னும் கருத்துள்ள பெயர் வந்தது. தமிழில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். ஆங்கிலத்திலோ பழைய பெயரிலிருந்த சொல், மேலே இருப்பவர் என்னும் பொருளுடையது. புதிய சொல் முன்னே நடப்பவர் என்னும் பொருளுடையது. மேலே இருந்து ஆள்வது வேறு. முன்னே நடந்து வழிகாட்டுவது வேறு. இம்மாற்றம் எல்லோருக்கும் உவப்பாயிருக்கவில்லை. பழைய ஒழுங்கையும் சீருடையையும் கைவிடலாகாது எனக் கருதிய தலைவியர் சிலர் தனியே கூடத் தொடங்கினர். அப்போக்கினின்றும் உருவான வேறொரு மன்றத்தை 1992ஆம் ஆண்டு றோமாபுரி அங்கீகரித்தது. ஆகவே ஒரே நாட்டிலே கன்னியர் தலைவியருக்கு இரண்டு மன்றங்கள் இருக்கின்றன. பழையதே பெரிது; அந்நாட்டுக் கன்னியருட் பெரும்பான்மையோரின் தலைவியர் அதிலேயே இருக்கின்றனர். புதியது சிறிது, ஆனால் அதிலுள்ள சபைகளிலே இளவயதினரின் விகிதம் கூடுதலாகக் காணப்படுகின்றது. இரண்டையும் நேர்மையாக நோக்குவோர் இரு தரப்பிலும் துறவின் மீதுள்ள பற்றையே காண்பர். பற்றை வெளிப்படுத்தும் முறையிலேதான் வேறுபாடு.

1979ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி வாஷிங்டன் நகரின் மாசற்ற உற்பவத் தேசியத் தேவாலயத்திலே ஒரு சம்பவம் நிகழ்ந்தது. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அங்கு வந்திருந்தார். அமெரிக்கக் கன்னியரின் சார்பில் வரவேற்புரை கூறியவர் மன்றத்தின் தலைவியாகிய சகோதரி திரேசா கேன். வணக்கத்தோடு வரவேற்ற அவர், திருச்சபையின் எல்லாப் பணிகளிலும் பெண்களுக்கு இடம் கிடைக்கும் வழியைத் திருச்சபை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் கருத்தையும் அவ்வுரையிலே வெளியிட்டார். தொலைக்காட்சி வாயிலாக உலகம் அதனைக் கண்டது. துணிவு என்றனர் சிலர்; பணிவின்மை என்றனர் சிலர். பேசியவர் ஒருவரே, ஆயினும் மன்றத்தின் தலைவி என்ற முறையிலே அவர் பேசியதால், அச்சொல் யாருடைய சொல் என்னும் வினா எழுந்தது. பிரதிநிதி தன்னைத் தெரிந்தவர்களின் மனத்தைச் சொல்கின்றாரா, தன்னை அங்கீகரித்தவர்களின் மனத்தைச் சொல்கின்றாரா? பிரதிநிதி மன்றங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான இவ்வினா, இம்மன்றத்திற்கு மாத்திரம் இரட்டிப்பு வலிமையோடு வருகின்றது.

இனி, முன்னே சொன்ன விலையைப் பற்றிப் பேசுவோம். இளங்கன்னியர் வரவு குறைந்தது, இருந்தவர்களோ முதுமையடைந்தனர். பல தசாப்தங்களாகச் சிறு வேதனத்துக்கு உழைத்தவர்களிடம் சேமிப்பு இல்லை. அரசாங்கத்தின் முதுமைக் காப்புறுதியிலும் அவர்கள் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. 1972ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமே அதற்கு வழி திறந்தது. அப்போதும் அவர்கள் பெற்ற உணவு, உறையுள் முதலியவற்றின் மதிப்பைக் கொண்டே கணக்கிடப்பட்டமையால், கிடைத்த உதவித்தொகை சிறிது. 1980களிலே கணக்குப் பார்த்தபொழுது பல சபைகளின் நிலை பெரிதும் கவலைக்கிடமாயிருந்தது. தனித்தனியே நின்றிருந்தால் ஒவ்வொரு மடமும் தன் வறுமையை வெளியே சொல்ல நாணி மறைத்திருக்கும். மன்றங்கள் இருந்தமையால் அவ்வறுமை ஒரு பொதுக்கணக்காக வெளிவந்தது. மேற்றிராணிமார் அவையும் துறவியர் மன்றங்களும் இணைந்து ஏற்பாடு செய்தபடி, 1988ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் கோயில்களிலே முதிய துறவியருக்காக ஆண்டுதோறும் காணிக்கை சேர்க்கப்படுகின்றது. தம்மை எழுத்தறிவித்த கன்னியருக்கு, நரைத்த தலையோடு வந்து காணிக்கையிட்டவர் பலர். மன்றத்தின் பணிகளுள் பத்திரிகைத் தலைப்பிலே வாராத, ஆனால் மிகுந்த பயன் விளைத்த பணி இதுவே எனலாம்.

பத்திரிகைத் தலைப்பிலே வந்த காரியம் வேறு. 2009ஆம் ஆண்டு றோமாபுரியிலிருந்து இரண்டு விசாரணைகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று, அமெரிக்கக் கன்னியர் சபைகளின் வாழ்வு நிலையைப் பற்றியது. மற்றது, விசுவாசக் கோட்பாட்டுச் சபை இம்மன்றத்தின் போதனையைப் பற்றி நடத்தியது. இரண்டாவதன் முடிவு 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி, பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் காலத்தில் வெளிவந்தது. கன்னியரின் சமூகத் தொண்டை அது பாராட்டிற்று. தனிப்பட்ட கன்னியரின் விசுவாசத்தைத் தான் நிறுக்கவில்லை என்றும் கூறிற்று. ஆனால் மன்றத்தின் பேரவைகளிலே நிகழ்ந்த சில சொற்பொழிவுகளிலும், சில பொருள்களிலே மன்றம் பேசியவற்றிலும், பேசாது விட்டவற்றிலும் கோட்பாட்டுக் குறைபாடு இருப்பதாகக் குற்றஞ் சாட்டிற்று. யாப்பு விதிகளைத் திருத்தவும், வெளியீடுகளையும் சொற்பொழிவாளர் தெரிவையும் மேற்பார்வை செய்யவும், சியாற்றில் அதிமேற்றிராணியார் பீற்றர் சாற்றெயின் ஐந்து ஆண்டு வரையுள்ள காலத்துக்கு நியமிக்கப்பட்டார். ஆதாரமற்ற குற்றச்சாட்டுகள் என மன்றத்தின் ஆட்சிக் குழு மறுத்தது.

இப்பொழுது மன்றத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. திருப்பீடத்தின் அங்கீகாரத்தைத் துறந்து, சட்டப் பிடியற்ற ஒரு சாதாரணச் சங்கமாக மாறலாம். அப்படி மாறினால் விருப்பம்போலப் பேசலாம். ஆனால் திருச்சபையின் பேச்சு மண்டபத்திலே ஆசனம் இராது. அல்லது உள்ளேயே இருந்து, மனத்துக்கு ஒவ்வாத மேற்பார்வையைப் பொறுத்து, பேசிப் பார்க்கலாம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதம் சென் லூயிஸ் நகரில் ஏறத்தாழ 900 கன்னியர் கூடினர். சகோதரி பற் பரல் அப்பொழுது தலைவி. ஆத்திரப்பட்டு வெளியேறுவதா, அஞ்சி அடங்குவதா என வெளியார் எதிர்பார்த்திருந்தனர். கன்னியரோ நெடுநேரம் மௌனமாயிருந்து, பின் சிறு சிறு குழுக்களாகப் பேசி, தம் பணியின் நேர்மைக்குப் பங்கம் வராதவரையும் உரையாடலைத் தொடர்வது எனத் தீர்மானித்தனர்.

உரையாடல் மூன்று ஆண்டு நீடித்தது. இடையிலே பாப்பரசர் மாறினார். 2013ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் முந்திய முடிவை உறுதிப்படுத்தியதாக அறிவிக்கப்பட்டபொழுது பலர் ஏமாற்றமடைந்தனர். ஆயினும் பேச்சு முறியவில்லை. சபைகள் பற்றிய முதலாவது விசாரணையின் அறிக்கை 2014ஆம் ஆண்டு திசெம்பரில் பெரும்பாலும் பாராட்டாகவே வெளிவந்தது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி இரு தரப்பும் சேர்ந்து கையொப்பமிட்ட அறிக்கையோடு மன்றத்தின் மீதான விசாரணையும், குறித்த காலத்துக்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே முடிவெய்திற்று. யாப்பு விதிகள் திருத்தப்பட்டன. வெளியீடுகளைக் கவனித்து நோக்கும் முறையும் ஏற்படுத்தப்பட்டது. மன்றம் தன் தன்மையோடு நிலைத்தது. அன்றே பாப்பரசர் மன்றத்தின் அலுவலரை 50 நிமிடம் வரையில் சந்தித்து உரையாடினார். யார் வென்றார், யார் தோற்றார் என்று கேட்டவர்களுக்கு நேரான விடை கிடைக்கவில்லை. வெற்றி தோல்வி என்னும் கணக்குக்கு அப்பால், பேச்சு முறியாமற் காக்கப்பட்டது என்பதே நிகழ்ந்த காரியம்.

இன்று அமெரிக்கக் கன்னியரின் தொகை 40,000க்கும் குறைவு. அவர்களுட் பெரும்பாலோர் முதியோர். சிறிய சபைகள் சில ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. வேறு சில, தமக்குத் தலைமை தாங்க வல்லவர் இல்லாமையால், பெரிய சபைகளோடு உடன்படிக்கை செய்து தம் முதியோரின் பராமரிப்பை ஒப்படைக்கின்றன. பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் பொதுநிலையினரின் கைக்கு மாறியுள்ளன. ஒருகாலத்தில் வளர்ச்சியின் நெருக்கடியைச் சமாளிக்கப் பிறந்த மன்றம், இப்பொழுது குறைவின் நெருக்கடியைக் கண்ணியத்தோடு எதிர்கொள்ளத் தன் அங்கத்தினருக்குத் துணை நிற்கின்றது. ஒரு சபை நிறைவெய்தும்பொழுது அதன் கட்டடத்தை யாருக்குக் கொடுப்பது, அதன் ஏடுகளை எங்கே வைப்பது, கடைசிக் கன்னியின் படுக்கை அருகே யார் இருப்பது என்பன இன்று அம்மன்றத்தின் முன்னுள்ள விடயங்கள். இவற்றைச் சிறிய விடயங்கள் என எண்ணுவோர் ஒரு குடும்பத்தின் முடிவை அருகிருந்து கண்டறியாதவராவர்.

இவ்வரலாற்றினின்றும் நாம் அறிவது என்ன? தன்னாட்சியுள்ள குழுக்கள் ஒன்றுகூடும்பொழுது, ஒன்று மற்றொன்றை விழுங்காத முறையை வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே சட்டம் மன்றத்திற்குக் கட்டளையிடும் அதிகாரம் கொடுக்கவில்லை. கட்டளையிட முடியாத மன்றம் கேட்டும் சொல்லியும் கலந்தும் மாத்திரமே இயங்க முடியும். அமெரிக்கக் கன்னியர் அறுபது ஆண்டுகளாகத் தமக்குள்ளே அப்படிக் கூடிப் பேசிப் பழகியிருந்தனர். சோதனை வந்தபொழுது அப்பழக்கமே அவர்களுக்குக் கைகொடுத்தது. கூச்சலின்றிக் கருத்து வேறுபடவும், வேறுபட்டபின் அதே மேசையில் மறுபடியும் அமரவும் அவர்கள் ஒரே நாளிற் கற்றவரல்லர். ஆண்டுதோறும் நடந்த பேரவைகளிலே, பரபரப்பில்லாத விவாதங்களிலே, சிறிது சிறிதாகக் கற்ற கல்வி அது. பேச்சு அவை ஒன்றை நடத்த விரும்பும் எந்தச் சமூகத்தாருக்கும், எந்தச் சமயத்தாருக்கும், அக்கல்வி பயன்படக்கூடியதே.